சொந்தமா ரூன் மேஜிக் சிஸ்டம் எழுதுறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

ஆளுக்கொரு கேரக்டரா நடிச்சு, டைஸ் உருட்டி ஆடுற மேசை ரோல்பிளே கேமுக்கு ரூன் மேஜிக் எழுதணும்னு ஆசைப்படுற யார்கிட்ட பேசினாலும் இதே டவுட்டுங்கதான் திரும்பத் திரும்ப வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லிட்டு இருந்தேன், இப்ப எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விங்க அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்கு. மேலேர்ந்து வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா கீழ இருக்குற பதிலெல்லாம் மேல சொன்னதை வச்சுத்தான் போகுது.

ரூன்னா மந்திர எழுத்தா, இல்ல சும்மா எழுத்தா?

முதல்ல அது எழுத்து, மந்திரம் அப்புறம்தான். வட ஐரோப்பாவுல ஜெர்மானிய மொழி பேசினவங்க கி.பி. முதல் சில நூற்றாண்டுகள்லேர்ந்து எழுதினது. பழைய வரிசைக்கு எல்டர் ஃபுதார்க்னு பேரு, 24 எழுத்து, முதல் ஆறு எழுத்தோட ஒலியைச் சேர்த்துப் படிச்சா ஃபுதார்க்னு வரும், அதான் பேருக்குக் காரணம். வைக்கிங் காலத்துல அது 16 எழுத்தா சுருங்கிடுச்சு. 1955ல நார்வேயோட பெர்கன் நகரத்துல பெரிய தீ விபத்து நடந்து, அப்புறம் அந்த இடத்தைத் தோண்டினப்போ ரூன் கீறின குச்சிங்க நூத்துக்கணக்குல கிடைச்சுது, அதுல சரக்கு மூட்டையில கட்டுற பேர்ச்சீட்டு இருக்கு, காதல் இருக்கு, ஒரு குச்சியில "கியூடா சொல்றா, நீ வீட்டுக்குக் கிளம்பு"ன்னு இருக்கு. அவ்வளவு சாதாரணமா பொழங்கின எழுத்து.

ஆனா அதே ஜனங்க ரூனுக்கு சக்தி உண்டுன்னும் நம்பினாங்க. பழைய நார்ஸ் மொழிப் பாட்டுங்கள்ல வாள் பிடியில ஜெயிக்கிறதுக்கு ரூன் வெட்டு, தீர்ங்கற போர்ச் சாமி பேரை ரெண்டு தடவை சொல்லுன்னெல்லாம் வருது. நமக்கு முக்கியமானது இன்னொண்ணு. அந்த எழுத்துல வளைவும் கிடையாது, படுக்கைக் கோடும் அநேகமா கிடையாது, எல்லாம் நேர்க்கோடு, சாய்வுக்கோடுதான். மரத்துல நார் ஓடுற வாக்குலயே கீறினா கோடு நாரோட கலந்து தெரியாமப் போயிடும்ங்கறதுதான் வழக்கமா சொல்ற காரணம். அதாவது கத்தியும் மரமும் சேர்ந்து அதுக்கு உருவம் குடுத்திருக்கு. உங்க சிஸ்டமும் அந்தக் கத்தியிலேர்ந்தே ஆரம்பிக்கட்டும்.

ஸ்பெல் லிஸ்ட்டே இருக்குறப்ப எதுக்கு ரூன்? வெறும் டிசைன்தானே வித்தியாசம்?

பாதிப் பேரு பண்றது அதுதான், ஃபயர்பால் ஸ்பெல்லை அப்படியே வச்சுக்கிட்டு பக்கத்துல ஒரு ரூன் படம் போட்டுடுறாங்க. அப்படிப் பண்ணினா நிஜமாவே வித்தியாசம் இல்ல. சொல்லுற மந்திரம் வாயை விட்டு வந்ததும் முடிஞ்சுது. ரூன் அப்படி இல்ல, அது ஒரு பொருள் மேல உக்காந்திருக்கு. செதுக்க நேரம் ஆகும், கருவி வேணும், செதுக்கினது அங்கயே இருக்கும், வேற ஒருத்தன் வந்து படிக்கலாம், சுரண்டலாம், மாத்தலாம், அந்தப் பொருளையே திருடிட்டுப் போகலாம்.

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான்: ரூன் மேஜிக்ல மேஜிக் இருக்குறது செதுக்குற வேலையில. எவ்வளவு நேரம், எது மேல, யார் கண்ணுல படும், எப்படி அழியும், இந்த நாலுக்கும் ரூல் எழுதிட்டீங்கன்னா சிஸ்டம் முக்கால்வாசி முடிஞ்ச மாதிரி. எந்த ரூன் எத்தனை டேமேஜ் குடுக்கும்ங்கறதை ஒரே சாயங்காலத்துல முடிச்சிடலாம்.

எத்தனை ரூன் வைக்கலாம்? 24ம் வச்சா தப்பா?

தப்பில்ல, ஆனா தாங்காது. 24 ரூன்ல ரெண்டு ரெண்டா சேர்த்தா 276 ஜோடி, மூணு மூணா சேர்த்தா 2024, அதுவும் எது முன்னாடி எது பின்னாடின்னு பாக்காமலே. பிளேயருக்கும் ஞாபகம் இருக்காது, கதையை நடத்துற ஜிஎம்முக்கும் இருக்காது, ஒவ்வொரு தடவையும் பேப்பரைப் புரட்டிக்கிட்டே இருப்பீங்க. 10 ரூன்ல ஆரம்பிங்க. மிச்சத்தைக் கதைக்குள்ளயே ஒளிச்சு வைங்க, ஒரு பாழடைஞ்ச கோயில் தூண்ல தெரியாத ரூன் ஒண்ணு இருக்குங்கறதே பிளேயருக்குப் பெரிய புதையல்.

ஒவ்வொரு ரூனுக்கும் அர்த்தம் நெட்ல ஆளுக்கொண்ணு போட்டிருக்காங்க, எதை நம்புறது?

அர்த்தம் குழம்பி இருக்குறதுக்கு நிஜமான காரணம் இருக்கு. 24 ரூனோட பேருங்களை அந்தக் காலத்துல யாரும் பட்டியல் போட்டு வைக்கல, பின்னால வந்த ஆங்கிலோ சாக்ஸன், நார்வே, ஐஸ்லாந்து ரூன் பாட்டுங்களை வச்சு அறிஞருங்க பின்னோக்கிக் கணிச்சதுதான் இன்னைக்கு நாம சொல்ற ஃபெஹு, உருஸ் எல்லாம். அந்தப் பாட்டுங்களே ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. க ஒலிக்கான ரூன் ஆங்கிலோ சாக்ஸன் பாட்டுல தீப்பந்தம், நார்வே ஐஸ்லாந்து பாட்டுல புண். உருஸ் ஒரு இடத்துல காட்டெருமை, இன்னொரு இடத்துல தூறல்.

எது சரின்னு தேடுறதை விட்டுட்டு இந்த ரெட்டை அர்த்தத்தை அப்படியே எடுத்துக்கங்கன்னுதான் சொல்வேன். ஒரே ரூன் வெளிச்சமும் குடுக்கும், சீழும் வைக்கும். கதையில ஒரு ஊர்க்காரங்க அதை விளக்கா செதுக்குவாங்க, அடுத்த ஊர்ல அதையே பாத்தா ஓடுவாங்க. ஆளுக்கு ஒரு அர்த்தம்ங்கறதே உங்களுக்கு லாபம். ரூல் புத்தகத்துல மட்டும் ஒவ்வொரு ரூனுக்கும் ரெண்டே ரெண்டு அர்த்தம்னு அழுத்தமா எழுதிடுங்க, மூணாவதுக்கு இடம் குடுத்தா அப்புறம் எல்லா ரூனும் எல்லா வேலையும் செய்யும்.

ரெண்டு மூணு ரூனை சேர்த்தா என்ன ஆகும்னு ஒவ்வொண்ணா எழுதி வைக்கணுமா?

வேண்டாம், இலக்கணம் எழுதுங்க, அது போதும். ரூனை ரெண்டு ஜாதியா பிரிச்சுக்கங்க, செயல் ரூன் ஒண்ணு, பொருள் ரூன் ஒண்ணு. 1987ல வந்த ஆர்ஸ் மேஜிகாங்கற கேம்ல அஞ்சு செயலும் பத்து பொருளும் சேர்ந்து அம்பது ஜோடியாகும், இந்த வழி அங்கயே நல்லா ஓடின வழிதான். நான் வச்சிருக்குறது செயல் நாலு: காக்க அல்கிஸ், கட்ட நௌதிஸ், நகர்த்த ரைதோ, வளர்க்க பெர்கானோ. பொருள் ஆறு: தீக்கு கௌனன், தண்ணிக்கு லகுஸ், ஐஸுக்கு இசாஸ், மிருகத்துக்கு எஹ்வாஸ், மனுஷனுக்கு மன்னாஸ், வெளிச்சத்துக்கு சோவிலோ. எந்த ரூன் எந்த வேலைக்குன்னு நான் கேமுக்காகப் பிரிச்சுக்கிட்டேன், வரலாற்றுல இப்படி இருந்துச்சுன்னு யாரும் எடுத்துக்க வேண்டாம்.

பத்து ரூன்ல 24 ஜோடி கிடைக்குது, ஒவ்வொண்ணையும் பிளேயரே படிச்சுச் சொல்லிடுவாங்க. வளர்க்க தீ, புரிஞ்சுது. காக்க மிருகம், புரிஞ்சுது. கட்ட வெளிச்சம்னா என்னன்னு மேசையில கேட்டப்ப ஒருத்தர் "இருட்டு"ன்னாரு, இன்னொருத்தர் "ஒரு விளக்குக்குள்ள வெளிச்சத்தை அடைச்சு வைக்கிறது"ன்னாரு, ரெண்டுமே சரின்னு விட்டுட்டேன். இதுக்கு மேல ஒரே ஒரு ரூல் சேர்த்தேன்: பொருள் ரூன் இல்லாம செயல் ரூன் மட்டும் நின்னா அது செதுக்கினவன் மேலயே பாயும். இந்த ரூலை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ தேவைப்படும்.

தலைகீழா செதுக்கினா எதிர் அர்த்தம்னு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனா நான் வைக்க மாட்டேன். அது இந்தக் காலத்துல குறி பாக்குறவங்க வழக்கம், பழைய கல்வெட்டுல இடமிருந்து வலம், வலமிருந்து இடம், சில நேரம் எழுத்தையே தலைகீழா எல்லாம் வெட்டியிருக்காங்க, அதனால எழுத்து வேற எழுத்தாகல. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கு, இசாஸ் வெறும் ஒத்தை நேர்க்கோடு, அதை எப்படித் திருப்பினாலும் அதேதான். சில ரூனுக்கு எதிர்ப்பதம் இருக்கு, சிலதுக்கு இல்லன்னா பிளேயர் கேட்டுக்கிட்டே இருப்பாங்க.

சண்டை நடுவுல எவன் உக்காந்து செதுக்கிட்டு இருப்பான்?

எல்லாரும் முட்டிக்கிற இடம் இதுதான். நிறையப் பேரு இங்க பயந்துபோய் "ரூனை ஒரு ஆக்ஷன்ல (சண்டையில ஒருத்தர் தன் முறை வந்தா செய்ற ஒரு வேலை) செதுக்கிடலாம்"னு எழுதிடுறாங்க, அந்த ஒரு வரியில ரூன் செத்துப்போய் சாதா ஸ்பெல் ஆயிடும்.

என்னோட வழி கடைசிக் கீறு. அமைதியா இருக்குறப்பவே குச்சியில ரூனைச் செதுக்கிக்கலாம், ஆனா ஒரே ஒரு கோட்டை மட்டும் விட்டு வைக்கணும். அது வரைக்கும் அது வெறும் குச்சி. சண்டையில கத்தியை எடுத்து அந்தக் கடைசிக் கோட்டைக் கீறுறது ஒரு ஆக்ஷன், அப்பதான் ரூன் எழும்பும். பாதி ரூன் ஒருத்தர் மூணுக்கு மேல வச்சுக்க முடியாது, நாலாவதை ஆரம்பிச்சா பழசுல ஒண்ணு வீணாப்போகும். இதனால என்ன ஆகுதுன்னா, முந்தின ராத்திரி கூடாரத்துல "நாளைக்கு என்ன வரும், எந்த மூணைச் செதுக்குறது"ன்னு பிளேயருங்க அரை மணி நேரம் பேசுறாங்க. கேமோட நல்ல நேரமே அதுதான்னு எனக்குத் தோணும்.

நேரமும் ஆயுசும் எது மேல செதுக்குறோம்ங்கறதைப் பொறுத்து வைங்க. மண்ணுல விரலால கீறினா ஒரே ரவுண்டு (சண்டையில எல்லாரும் ஒரு முறை ஆடி முடிக்கிற நேரம்), வேலை செஞ்ச உடனே அழிஞ்சிடும். மரத்துல பத்து நிமிஷம், ஒரு நாள் நிக்கும். எலும்புல ஒரு மணி நேரம், ஒரு மாசம் நிக்கும். கல்லுல ஒரு முழு நாள், யாராவது உடைக்கிற வரைக்கும் நிக்கும். காத்துல வரையலாமான்னு கேட்டா, கூடாது. காத்துல கோடு நிக்காது.

எந்த டைஸ் போடுறது? செதுக்கும்போதா, எழுப்பும்போதா?

ரெண்டு டி6, அதாவது ஆறு பக்க டைஸ், போட்டு வந்த எண்ணோட கேரக்டரோட திறமை எண்ணைக் கூட்டுங்க. ஒத்தை பொருள் ரூனை அதோட சாதா வேலைக்கு எழுப்ப 7 இல்ல அதுக்கு மேல வரணும், ஜோடின்னா 9, மூணுன்னா 11. திறமை 0 இருக்குற புதுசுக்கு 7 வர்ற வாய்ப்பு 58 சதவீதம், 9க்கு 28, 11க்கு வெறும் 8. திறமை 3 ஆனதும் இது 92, 72, 42னு மாறும். முதல் லெவல்லயே மூணு ரூன் முயற்சி பண்ணக் கூடாதுன்னு தனியா தடை எழுத வேண்டியதில்ல, டைஸே சொல்லிடும்.

போடுறது எழுப்பும்போதுதான். செதுக்கும்போதே போட்டா தப்பா வந்ததைத் தூக்கிப் போட்டுட்டு வேற குச்சி எடுத்துடுவாங்க. எழுப்புற நொடி வரைக்கும் தான் செதுக்கினது சரியா தப்பான்னு செதுக்கினவனுக்கே தெரியாம இருக்கணும்.

ஃபெயில் ஆனா சும்மா "ஒண்ணும் நடக்கல"ன்னு சொல்லிடவா?

தயவுசெஞ்சு சொல்லாதீங்க. ஐஸ்லாந்துல 13ஆம் நூற்றாண்டுல எழுதின எகில் சாகாங்கற வீரக் கதையில ஒரு இடம் வரும், அதை ஒவ்வொரு டிசைனரும் தெரிஞ்சுக்கணும். எகில் ஒரு வீட்டுக்குப் போறான், அங்க ஒரு பொண்ணு நோய்ப்பட்டுக் கிடக்கா. படுக்கையைத் தேடினா திமிங்கல எலும்புல ரூன் வெட்டி வச்சிருக்கு, பக்கத்துப் பண்ணைக்காரப் பையன் ஒருத்தன் அவ மனசைத் திருப்புறதுக்காக வெட்டினது, ஆனா தப்பா வெட்டிட்டான், அதுலதான் நோய் முத்திடுச்சு. எகில் அதைச் சுரண்டி எடுத்து, நெருப்புல போட்டு, படுக்கையை மாத்தி, புதுசா ரூன் வெட்டித் தலகாணிக்கடியில வைக்கிறான், அவ எழுந்திரிக்கிறா. படிக்கத் தெரியாதவன் ரூன் வெட்டக் கூடாதுன்னு பாட்டும் சொல்றான்.

அந்தப் பையனோட ரூன் சும்மா போகல, வேற ஒண்ணா வேலை செஞ்சுது. அதையே ரூல் ஆக்குங்க: டைஸ் தப்பினா ஒரு ரூன் அதோட பக்கத்து ரூனா மாறிடும். பக்கத்து ரூன்னா ஒரே ஒரு கோடு வித்தியாசத்துல இருக்குறது. இசாஸ் ஒத்தை நேர்க்கோடு, அதோட உச்சியில ஒரு சாய்வு போட்டா லகுஸ், ஐஸ் தண்ணியாயிடும். நடுவுல ஒரு சின்ன சாய்வுக் கோடு குறுக்கப் போட்டா நௌதிஸ், அது செயல் ரூன், அதாவது பொருள் போச்சு, மேல சொன்ன ரூல்படி செதுக்கினவன் கட்டுப்பட்டு நிப்பான். லகுஸோட இன்னொரு பக்கமும் சாய்வு போட்டா திவாஸ், போர்ச் சாமியோட ரூன், அதை என்ன பண்ணலாம்னு உங்களுக்கே விட்டுடுறேன். ஒரு தாள்ல உங்க ரூனெல்லாம் வரைஞ்சு எது எதோட ஒரு கோட்டுல ஒட்டுதுன்னு கோடு போட்டு இணைச்சுப் பாருங்க, உங்க ஃபெயிலியர் டேபிள் ரெடி.

எதிரி என் ரூனை அழிச்சிட்டா? இல்ல நான் எதிரி ரூனை அழிக்கலாமா?

அழிக்கலாம், மாத்தவும் செய்யலாம். சுரண்டுறதுக்கு ஒரு ஆக்ஷன், கல்லா இருந்தா உளியும் நேரமும் வேணும். மாத்துறதுக்கு அந்த ரூன் தெரிஞ்சிருக்கணும், ஒரே ஒரு கோடுதான் சேர்க்கலாம், 9 போடணும்.

எங்க மேசையில நடந்ததைச் சொல்றேன். எதிரிப் படை ஆத்தங்கரைப் பாறையில வளர்க்க ஐஸ்னு வெட்டி ஆத்தை உறைய வச்சு மேல நடந்து வந்துட்டு இருக்கு. எங்க குழுவுல ரூனே செதுக்காத திருடன் கேரக்டர் ஒண்ணு, பக்கத்துல இருந்தவகிட்ட படிக்க மட்டும் கத்துக்கிட்டது. அந்தத் திருடனை ஆடினவங்க பாறை வரைக்கும் ஊர்ந்து போறதாச் சொல்லிட்டு, பேப்பர்ல நான் வரைஞ்சு வச்சிருந்த ஒத்தைக் கோட்டையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, பென்சிலை எடுத்து உச்சியில ஒரு சாய்வு போட்டாங்க. வளர்க்க தண்ணி. டைஸ்ல 10. மேசையில ஒரு நொடி யாரும் பேசல, அப்புறம் எல்லாரும் எழுந்து நின்னு கத்தினாங்க. ஆறு பொங்கிப் படை போச்சு.

என் பிளேயர் லீவு நாள்ல நூறு அம்புல தீ ரூன் செதுக்கிட்டேன்னு சொல்றான், எப்படித் தடுக்குறது?

உயிரோட இருக்குற ரூனுக்கு உச்சவரம்பு வைங்க, கேரக்டரோட லெவல் எண்ணோட ரெண்டைக் கூட்டினா வர்ற அளவு. முழுசா செதுக்கின ஒவ்வொரு ரூன் வேலையும் செதுக்கினவனோட பலத்துல ஒரு பங்கைப் பிடிச்சு வச்சிருக்குன்னு வச்சுக்கலாம். வரம்பைத் தாண்டிப் புதுசா ஒண்ணு எழுப்பினா ரொம்ப பழசு அணைஞ்சிடும், எங்கயோ விட்டுட்டு வந்த கோட்டைக் கதவோட காவல் ரூனா இருந்தாலும் சரி. கணக்குக்கு அத்தனை பாசிமணிகளைக் குடுத்துடுங்க, எழுப்பின ரூன் பக்கத்துல ஒரு மணி வைக்கணும், கையில மணி இல்லன்னா எங்கேர்ந்தோ எடுத்தாகணும். எதை விடுறதுன்னு யோசிக்கிறப்ப அவங்க முகத்தைப் பாக்கணும்.

அப்ப மானா பாயிண்ட்டே (மந்திரத்துக்குச் செலவாகுற சக்திப் புள்ளி) வேண்டாமா?

வேண்டாம். நேரம், பொருள், மணி, இந்த மூணு செலவே போதும். நாலாவதா ஒண்ணு வச்சா யாரும் கணக்கு வச்சுக்க மாட்டாங்க.

மனுஷன் உடம்புல பாதிக்கு மேல தண்ணிதானே, லகுஸ் போட்டு எதிரி ரத்தத்தை வெளிய இழுக்கலாமேங்கறான், என்ன பதில் சொல்றது?

இந்தக் கேள்வி வராத குழுவே இல்ல. ரூன் எது மேல செதுக்கியிருக்கோ அதையும் அதைத் தொடுறதையும்தான் பாதிக்கும்னு எழுதுங்க. எதிரி ரத்தத்துல கை வைக்கணும்னா எதிரி எலும்புலதான் செதுக்கணும், அதுக்கு அவன் சும்மா படுத்திருக்க மாட்டான். கூடவே, உயிருள்ள உடம்புக்கு மன்னாஸும் எஹ்வாஸும் மட்டும்தான் பொருந்தும்னு ஒரு வரி. "அது ஓவர் பவர், விட மாட்டேன்"னு ஜிஎம் சொன்னா சண்டைதான் வரும், எது மேல செதுக்கினன்னு கேட்டா அவனே யோசிச்சு அமைதியாயிடுவான்.

செத்தவங்களை எழுப்புறது, மனசை மாத்துறது ரெண்டையும் முதல் செஷனுக்கு முன்னாடியே குழுவோட உக்காந்து பேசி முடிவு பண்ணிடுங்க, குறிப்பா மனசை மாத்துறது, அது இன்னொரு பிளேயரோட கேரக்டர் மேல போனா ஜாலி போயிடும். எகில் கதையில அந்தப் பையன் பண்ணினதே அந்த மாதிரி தப்புதான்.

நிஜ ரூன் வேண்டாம், நானே வரைஞ்சுக்கலாமா? சில ரூன் போட்டா பிரச்சனைன்னும் சொல்றாங்க.

தாராளமா வரையலாம். நேர்க்கோடு, சாய்வு மட்டும், ஒரு ரூனுக்கு நாலு கோட்டுக்கு மேல வேண்டாம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு தள்ளி ஒரு பக்கத்து ரூனாவது இருக்கணும். இதை மட்டும் பாத்துக்கிட்டா மேல சொன்ன எல்லா ரூலும் அப்படியே பொருந்தும்.

பிரச்சனை உண்மைதான். சோவிலோவோட ஒரு வடிவத்தை இரட்டையா போட்டது நாஜி எஸ்எஸ் படையோட சின்னம், ஒத்தாலா, திவாஸ் ரூனையும் நாஜிங்க எடுத்துப் பயன்படுத்தினாங்க, இன்னைக்கும் இனவெறிக் கும்பலுங்க பயன்படுத்துறாங்க. எஸ்எஸ் சின்னத்தைப் பொதுவுல காட்டுறது ஜெர்மனியில சட்டப்படி குற்றம். உங்க கேமை வெளியிடப் போறீங்கன்னா அட்டைப்படத்துல இந்த மூணையும் தனியா பெருசா போடாதீங்க, இரட்டை சோவிலோ எங்கயுமே வேண்டாம்.

எல்லாம் எழுதிட்டேன், சரியா இருக்கான்னு எப்படிப் பாக்குறது?

மூணு பேரு, ஒரு பூட்டின கோபுரம், ஒரு ராத்திரி. ஆளுக்கு அஞ்சு ரூன் தெரியும்னு சொல்லி, நிஜக் குச்சியும் பென்சிலும் குடுத்து ஆட விடுங்க, ஒரு மணி நேரம் போதும், நீங்க எதையும் விளக்காதீங்க. எத்தனை தடவை ரூல் தாளைப் புரட்டுறாங்கன்னு மட்டும் ஒரு ஓரமா குறிச்சுக்கங்க. செதுக்க எவ்வளவு நேரம்னு தேடிப் புரட்டினா பரவால்ல, ரெண்டாவது தடவை பாடம் ஆயிடும். ஒரு ஜோடிக்கு என்ன அர்த்தம்னு தேடிப் புரட்டினா உங்க செயல் ரூன்ல ஒண்ணு தெளிவா இல்ல, அதைத் தூக்கிட்டு வேற வைங்க. எனக்கு முதல்ல அஞ்சாவது செயலா "மாத்து"ன்னு ஒரு ரூன் இருந்துச்சு, ஒவ்வொரு தடவையும் எதை எதுவா மாத்துறதுன்னு பத்து நிமிஷம் வாக்குவாதம் ஓடும், எடுத்துட்டேன், அதுக்கப்புறம் அந்த வாக்குவாதம் ஒரு தடவைகூட வரல.